சிரிப்பு ஷாட்

டிசம்பர் 5, வெள்ளி

அப்பா இன்று செத்துப்போகச் சம்மதித்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சினிமா கம்பெனி மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் இரண்டு காப்பி டம்ளர்கள் இருந்தன. அப்பா தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றால் பெரிய விஷயம்தான்.

“ஆதி, ஒரு மாசத்துக்கு மேல கால்ஷீட். படம் முழுக்க வர்றேன்” என்றார்.

அப்பா இதுவரை எந்தப் படத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வந்ததில்லை. டிவி தொடர்களில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றும் டாக்டராக வருவார். கல்யாணப் பதிவு அதிகாரியாக வருவார். ஒரு தடவை நீதிபதியாக வந்தார், ஆனால் சுத்தியலைத் தட்டிய கை மட்டும்தான் தெரிந்தது.

“என்ன வேஷம்ப்பா?”

“குடும்பத் தலைவர்.”

“நல்லவரா, கெட்டவரா?”

“செத்தவர்.”

நான் சந்தோஷம் என்று சொன்னேன். ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை, அவ்வளவுதான்.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அப்பா ஹாலில் குறட்டை விடுகிறார். குறட்டை கேட்கிறவரை எழுதலாம். நின்றால் போய்ப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று அப்பாவுடன் ஷூட்டிங்குக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாக வீட்டில் விட அப்பாவுக்கு மனசில்லை. புதன்கிழமை முதல் அரையாண்டுப் பரீட்சை, அதனால் அறிவியல் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

படத்தின் பெயர் ‘மகாலிங்க பவனம்’. அப்பா பள்ளியில் படித்தபோது இதே பெயரில் டிவியில் வாராவாரம் ஒரு தொடர் வந்ததாம். தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்க்குமாம். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு விசித்திரமான குடும்பம் அது. சாயங்காலக் காப்பியைச் சமாதிமேல் உட்கார்ந்து குடிப்பார்கள். சவப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சாப்பாட்டு மேசையாக வைத்திருப்பார்கள். சின்னப் பெண் வவ்வால்களுக்குப் பெயர் வைத்து, ரோல் நம்பர் சொல்லிக் கூப்பிடுவாள். மூத்த மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் குடும்பத் தலைவர் மகாலிங்கம் செத்துவிடுவார். வீட்டில் யாரும் அழ மாட்டார்கள். குளிப்பாட்டிப் பட்டு வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மணமேடையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள்.

“செத்ததுக்கெல்லாம் லீவு குடுத்தா குடும்பம் நடக்குமா?” என்பது மகாலிங்கத்தின் மனைவி பேசும் வசனம். இன்று அதை ஏழெட்டு டேக் எடுத்தார்கள். மனைவியாக நடிப்பவர் கௌரி அம்மா. பழைய தொடரில் வவ்வால் வளர்த்த சின்னப் பெண் இவர்தான். இப்போது குரல் கட்டை, வாயில் எப்போதும் பாக்கு.

என்னைப் பார்த்ததும், “யாரு கண்ணு நீ?” என்று கேட்டார்.

“மகாலிங்கத்தோட பொண்ணு.”

“அப்ப எனக்கும் பொண்ணுதானே! சாப்பிட்டியா?”

அப்பாவுக்கு முகத்தில் சாம்பல் நிறம் பூசி, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். நான் சோடியம் குளோரைடு, சோடியம் குளோரைடு என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் பேக்கப் சொல்லும் முன்னால் ஒன்று நடந்தது. அப்பா எழுந்து கேமராவுக்கு நேராக நின்றார். உதவி இயக்குநர் ரெஹானா அக்கா தாடைக் கட்டையும் மூக்குப் பஞ்சையும் எடுத்துவிட்டார். டைரக்டர் “ஆக்‌ஷன்” என்றார். அப்பா, “ஹா ஹா ஹா” என்று சிரித்தார். “கட்.” எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

“இது எந்த சீன்க்கா?” என்று ரெஹானா அக்காவிடம் கேட்டேன்.

“படத்துல வராது பாப்பா. பொணமா நடிச்சவங்க பொணமாவே வீட்டுக்குப் போகக் கூடாது. எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிச்சிட்டுத்தான் போகணும். சிரிப்பு ஷாட்னு சொல்வோம். அப்பதான் மேல இருக்கிறவன் கணக்குல இருந்து பேரை அடிப்பான்.”

“எடுக்கலைன்னா?”

“வாயைக் கழுவு!” என்றார்.

இது எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

பள்ளிக்கூடம். பால் பாக்கெட் ஓட்டை. அப்பா இரவு வந்ததும், “சிரிப்பு எடுத்தாங்களா?” என்று கேட்டேன், “எடுத்தாங்க” என்றார்.

டிசம்பர் 10, புதன்

தமிழ்ப் பரீட்சை நன்றாக எழுதினேன். சிரிப்பு எடுத்தார்களாம்.

டிசம்பர் 13, சனி

இன்று மறுபடியும் செட்டில் இருந்தேன். சிரிப்பு ஷாட் எடுக்கும்போது ரெஹானா அக்காவின் பின்னால் நின்று மானிட்டரில் பார்த்தேன். நேரில் பார்க்கும்போது தெரியாதது அந்தச் சின்னத் திரையில் தெரிந்தது.

அப்பா சிரிக்கவே இல்லை. பல்லைக் காட்டுகிறார். ஹா என்று மூன்று தடவை சொல்கிறார். கண்ணைச் சுற்றி எதுவும் அசையவில்லை. படுத்திருக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே.

“அக்கா, சும்மா சிரிச்சாப் போதுமா? நிஜமாச் சிரிக்கணுமா?”

“பல்லு தெரிஞ்சாப் போதும்டா.”

மேலே இருக்கிறவர் ரெஹானா அக்கா மாதிரி அவசரத்தில் இருப்பாரா? பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடாதா?

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அப்பா கடைசியாக எப்போது சிரித்தார்? புன்னகை செய்வார். வீட்டு ஓனர் எதிரே வந்தால், கடைக்காரர் மீதி கொடுத்தால், என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டால். சிரிப்பது வேறு. அம்மா போன பிறகு நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் அப்பாவின் சிரிப்பு கீழ்வீட்டுக்குக் கேட்கும். கீழ்வீட்டு ஆன்ட்டி துடைப்பத்தால் கூரையைத் தட்டுவார்.

நான் சிரிக்கிறேனா என்பது இங்கே கேள்வி இல்லை. நான் பிணமாக நடிக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

திட்டம் ஒன்று. வகுப்பில் ஹரிணியிடம் கேட்டு வைத்திருந்த ஜோக்குகளை அப்பா தோசை வார்க்கும்போது சொன்னேன்.

“ஒரு யானை ஸ்கூட்டர்ல போச்சாம்ப்பா.”

“லைசென்ஸ் இருந்துச்சா?”

“ஜோக்கு இன்னும் முடியலை.”

“சரி, சொல்லு.”

சொன்னேன். “ஹா ஹா ஹா” என்றார். அதே மூன்று. பிறகு, “சட்னி போதுமா?” என்றார்.

திட்டம் இரண்டு. அவருடைய சட்டையைப் போட்டு, மீசை வரைந்து, டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றி, “சாரி சார், எங்களால முடிஞ்சதை...” என்று ஆரம்பித்தேன். அப்பா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து பால்கனிக்குப் போய்த் துணி எடுத்தார். துணி இன்னும் காயவே இல்லை.

அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது.

டிசம்பர் 17, புதன்

கணக்குப் பரீட்சை. வடிவியல் கேள்வி ஒன்றை விட்டுவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா வர ரொம்ப நேரமானது. வந்ததும் கேட்டேன். “எடுத்தாங்கடா, தினமும் இதையே கேக்கிற?” என்றார். சும்மாதான் கேட்கிறேன் என்றேன்.

டிசம்பர் 20, சனி

கௌரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை. அப்பா நிஜமாகச் சிரித்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும்.

“ஏன்?”

“சும்மா.”

அவர் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்கப்பனைச் சிரிக்க வைக்கிறது என் பொறுப்பு. பொணத்தைச் சிரிக்க வச்சவள்னு என் பேரு நிக்கட்டும்” என்றார்.

இன்று மகாலிங்கத்தை ஊஞ்சலில் உட்காரவைத்து மனைவி பக்கத்தில் அமர்ந்து பேசும் காட்சி. கேமரா தூரத்தில் இருந்தது, வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பார்கள். அதனால் கௌரி அம்மா அப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லியே வாய்க்கு வந்ததைப் பேசினார்.

“யோவ் சபை, கேக்குதா? உன் காது மடல்ல ஈ ஒண்ணு குடும்பம் நடத்துது. வாடகை வாங்குறியா இல்லையா? மேக்கப்மேன் சொல்றாரு, உனக்குப் பூசுறதுக்குப் பவுடர் மிச்சமாம், இயற்கையாவே இருக்கியாம். நேத்து புரொடக்‌ஷன் சாப்பாட்டுல ஒருத்தன் உன்னைப் பார்த்துட்டு என்கிட்ட வந்து, ‘எப்பம்மா எடுக்கறீங்க?’ன்னு கேட்டான்யா!”

லைட்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டைரக்டர் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அப்பா அசையவில்லை. கௌரி அம்மா விலாவில் கிச்சுகிச்சு மூட்டினார். அப்பா அசையவில்லை. அந்த ஈ கன்னத்தைத் தாண்டி உதட்டின் மேல் நடந்து போனது. அப்போதும் அசையவில்லை.

“கட்! சபை சார், பின்னிட்டீங்க!” என்று டைரக்டர் கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்பா கண்ணைத் திறந்து, “நல்லா இருந்துச்சு மேடம்” என்றார். அவ்வளவுதான்.

கௌரி அம்மாவுக்குக் கோபம். “முப்பது வருஷமா இந்த ஊரையே சிரிக்க வச்சிட்டிருக்கேன். இந்தாளு என் பொழப்புலயே மண்ணைப் போடுறான்” என்றார்.

எல்லாரும் அப்பாவை எவ்வளவு தத்ரூபம் என்று பாராட்டுகிறார்கள். அப்பா சந்தோஷமாக இருக்கிறார். தொழிலில் இவ்வளவு பேர் அவரைப் பாராட்டி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் கைதட்ட வரவில்லை. ஒருவர் இவ்வளவு நன்றாக அசையாமல் இருக்கக் கூடாது.

டிசம்பர் 23, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. நாளை முதல் விடுமுறை. இனி தினமும் என் கண்ணாலேயே பார்க்கலாம். யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

ஷூட்டிங் இல்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி கேக் கொடுத்தார். அப்பா மத்தியானம் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தேன். அவருடைய பனியன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமும் நகரவில்லை, புத்தகத்தில்.

டிசம்பர் 28, ஞாயிறு

எழுத்து சரியாக வரவில்லை.

இன்று வெளிப்புறப் படப்பிடிப்பு. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துத் தெரு. கல்யாணம் நல்லபடியாக முடிந்து, மகாலிங்கத்தைப் பாடையில் ஊர்வலமாகக் கொண்டுபோகும் காட்சி. முன்னால் கல்யாண பேண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு ஆடிக்கொண்டு போவார்கள்.

தெருவில் போகிறவர்களுக்கு இது சினிமா என்று உடனே புரியவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு நின்று, “யாரு வீட்டு மனுஷரோ, முகம் எவ்ளோ அமைதியா இருக்கு பாரு” என்றார். மாப்பிள்ளை ஆடுவதைப் பார்த்து, “இந்தக் காலத்துப் பசங்களுக்கு வெக்கமே இல்லை” என்று திட்டினார். யூனிட்டே சிரித்தது.

நாலு மணிக்கு வானம் இருட்டியது. டைரக்டர், “இந்த வெளிச்சம் அருமை, ஓடு ஓடு” என்று கத்தினார். பாடையைத் தெரு நடுவில் இறக்கி வைத்தார்கள். கேமரா மேலே கிரேனில். எல்லாரும் விலகிப் போக, மகாலிங்கம் மட்டும் தனியாகக் கிடக்க வேண்டும். “ஆக்‌ஷன்.”

அப்போது மழை கொட்டியது.

எல்லாரும் ஓடினார்கள். கேமராவுக்குக் குடை, லைட்டுக்குத் தார்ப்பாய், கரண்ட் ஒயரைத் தூக்கு, ஜெனரேட்டரை அணை. டைரக்டர் மானிட்டரைத் தன் சட்டைக்குள் வைக்கப் பார்த்தார். பேண்டுக்காரர்கள் டிரம்மைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு டீக்கடைக்குள் புகுந்தார்கள்.

யாரும் “கட்” சொல்லவில்லை.

அப்பா படுத்திருந்தார். மழை அவர் முகத்தில் நேராக விழுந்தது. பவுடர் கரைந்து காதுப் பக்கம் ஓடியது. நெற்றிக் காசு நழுவியது. மூடிய கண்மேல் அவ்வளவு தண்ணீர் விழுந்தும் இமை அசையவில்லை. கட் சொல்லும்வரை அப்பா எழ மாட்டார். அது அவருடைய தொழில். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குத் தெரியவில்லை. நான் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குரல் வரவில்லை. பிறகு வந்தது.

“கட்!” என்று கத்தினேன். “கட்! கட்! கட்!”

அப்பா கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து, “ஓகேவா சார்?” என்று யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டார்.

குடத்தோடு நின்றிருந்த அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார்.

“என் செட்டுல கட் சொன்னது யாரு?” என்று டைரக்டர் கேட்டார். நான் என்று சொன்னேன். திட்டவில்லை. “நானே சொல்லியிருக்கணும்” என்றார்.

மழை விடவில்லை. வேனில் எல்லாரையும் ஏற்றினார்கள். அப்பாவுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். பாதி வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

“சிரிப்பு எடுக்கலை!”

“அடடா” என்றார் ரெஹானா அக்கா. “கேமரா நனைஞ்சு போச்சு பாப்பா, சர்வீசுக்குப் போயிடுச்சு. நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கலாம்.”

நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ள இது வீட்டுப்பாடமா?

இப்போது எழுதிவிடுகிறேன். அம்மா சினிமாவில் ஹேர் டிரஸ்ஸராக இருந்தாள். போன வருஷம் ஏப்ரலில் ஒரு டிவி தொடரில் பிணமாக நடிக்க வேண்டிய பெண் வரவில்லை. முகம் பாதிதான் தெரியும், நீ படு என்று அம்மாவைப் படுக்கவைத்தார்கள். அப்பாவுக்கும் அதே செட்டில் டாக்டர் வேஷம். எனக்கு லீவு, நானும் இருந்தேன். வெளிச்சம் போகிறது, சீக்கிரம் என்று எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு பேக்கப். அம்மா வேனுக்கு வந்து முகத்தைத் துடைத்தாள். யாரும் எதையும் எடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஜூன் மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

டிசம்பர் 29, திங்கள்

அப்பாவுக்குக் காய்ச்சல்.

டிசம்பர் 30, செவ்வாய்

நேற்று காலையிலேயே அப்பாவை ஆட்டோவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். “மழையில நனைஞ்சிருக்கீங்க. சாதாரணக் காய்ச்சல், பயப்பட ஒண்ணுமில்லை” என்று மாத்திரை எழுதினார். எல்லா டாக்டரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. மேலாக எடுத்துக் கொடுத்தேன். அப்பா நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாதிதான் குடித்தார். அவர் தூங்கியதும் பாத்ரூமில் போய் ரெஹானா அக்காவுக்கு போன் செய்தேன்.

“அக்கா, சிரிப்பு எடுக்கணும். கேமராவைக் கொண்டு வாங்க.”

“உடம்பு தேறட்டும் பாப்பா. பொணத்துக்குக் காய்ச்சல்னு ஷூட்டிங்கையே நிறுத்தி வச்சிருக்கோம். வேணும்னா உன் போன்ல எடுத்து அனுப்பு.”

“போன்ல எடுத்தா செல்லாது. அதே கேமராலதான் எடுக்கணும். இன்னிக்கே.”

நான் அழுதேனாம். அக்கா பிறகு எல்லாரிடமும் அப்படிச் சொன்னார். குழாய் திறந்திருந்தது, அந்தச் சத்தமாக இருக்கும்.

இன்று பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ரெஹானா அக்கா, கௌரி அம்மா, கேமராமேன், எல்லாருக்கும் பின்னால் டைரக்டர். அவர் கழுத்தில் ஒரு தாயத்து புதிதாக இருந்தது. சுடுகாட்டை வைத்துக் காமெடிப் படம் எடுக்கிறவர் என்னைவிட அதிகம் பயந்து போயிருந்தார்.

“என்மேலதான் தப்பு, சபை சார். என் சர்வீஸ்ல ஒரு சிரிப்பு ஷாட் விட்டதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கலை” என்றார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இதுக்காகவா சார் இவ்ளோ தூரம்? நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று எழுந்து உட்கார்ந்து சட்டை போடப் போனார். கேமராவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்கள். டைரக்டர் மெதுவாக, “ஆக்‌ஷன்” என்றார்.

“ஹா ஹா ஹா” என்றார் அப்பா. இருமினார்.

“கட். அப்பாடா!” என்றார் டைரக்டர்.

“இது செல்லாது” என்றேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னடா?” என்றார் அப்பா.

“இது சிரிப்பு இல்லை. நீங்க ஒரு நாள்கூட நிஜமாச் சிரிக்கலை. தினமும் நான் மானிட்டர்ல பார்க்கிறேன். அம்மாவுக்கும் இப்படித்தான். அம்மாவுக்கு எடுக்கவே இல்லை. வெளிச்சம் போச்சுன்னு விட்டுட்டாங்க, அதனாலதான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. இப்ப உங்களுக்கும் வந்திருக்கு.”

நான் சொல்லியே இருக்கக் கூடாது.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இதையா இத்தனை நாளா உள்ள வச்சிட்டிருந்த? உங்கம்மாவுக்கு எடுத்தாங்கடா. நான் அங்கதானே இருந்தேன்.”

“இல்லை. நான் பார்த்தேன்.”

“நீ எங்க பார்த்த? காஸ்ட்யூம் வேன்ல துணி மூட்டைமேல தூங்கிட்டிருந்த. நான்தான் உன் மேல ஒரு ராஜா அங்கியை எடுத்துப் போர்த்தினேன்.”

அது எனக்கு ஞாபகம் இருந்தது. ஜரிகை கழுத்தில் குத்தியது. எழுந்தபோது வெளியே இருட்டியிருந்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

“லைட் போயிட்டிருந்துச்சு, உண்மைதான்” என்றார் அப்பா. “அந்த டைரக்டர் கையில டீயோட வந்து, ‘அமுதாம்மா, சீக்கிரம் சிரிச்சிட்டுக் கிளம்புங்க’ன்னாரு. உங்கம்மா எழுந்து நின்னா. அவசரத்துல தாடைக் கட்டை அவிழ்க்க மறந்துட்டாங்க. அவளும் மறந்துட்டா. ஆக்‌ஷன்னு சொன்னதும் சிரிக்கப் பார்க்கிறா, வாய் திறக்கல. ‘ம்ம்’ங்கிறா. டைரக்டர், ‘சிரிங்கம்மா, சிரிங்க’ங்கிறாரு. ‘ம்ம்ம்’ங்கிறா. கட்டைக் காட்டுறா. அவரு, ‘தலைவலியா?’ங்கிறாரு.”

கௌரி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“அதுல அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. நிஜச் சிரிப்பு. வாய் பூட்டியிருக்கு, எந்த வழியா வரும்? மூக்கு வழியாத்தான் வரணும். மூக்குல பஞ்சு. முகமெல்லாம் உப்புது. நான் பக்கத்துல டாக்டர் கோட்டோட நிக்கிறேன், எனக்குப் பயமாயிடுச்சு. அப்புறம், ‘புஸ்’னு ஒரு சத்தம். ஒரு பஞ்சு அப்படியே பறந்து போயி...”

அப்பா நிறுத்தினார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்து நான் தண்ணீரை எடுத்தேன்.

“...டைரக்டரோட டீ கிளாஸ்ல விழுந்துச்சு. அவரு பார்க்கலை. எல்லாரும் பார்த்தோம். யாருக்கும் சொல்ல வாய் வரலை. அவரு... அவரு அதை...”

அப்பாவால் முடிக்க முடியவில்லை. முதலில் சத்தமே வரவில்லை. கண்ணைச் சுருக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். பிறகு வந்தது. அந்தச் சத்தம். நான் மறந்தே போயிருந்த அந்தச் சத்தம். மூச்சை உள்ளே இழுத்து மறுபடி மறுபடி வெடித்தது. “குடிச்சிட்டாரு!” என்று கத்தினார். “குடிச்சிட்டு, ‘ஏலக்காய் போட்டிருக்கா?’ன்னு கேட்டாரு!”

கௌரி அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். ரெஹானா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிரிப்பு நடுவில் கொஞ்சம் வேறு மாதிரி ஆனது, “அமுதா, அமுதா” என்றார், மறுபடி சிரிப்பாக ஆனது.

கீழ்வீட்டு ஆன்ட்டி துடைப்பத்தால் கூரையைத் தட்டினார்.

கேமரா முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். இந்த முறை நான் நினைவுபடுத்தவில்லை. சமையலறைக்குப் போய் டம்ளர்களைக் கழுவினேன். அவை காலையிலேயே கழுவியவைதான்.

டிசம்பர் 31, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பா இட்லி கேட்டார்.

ஜனவரி 1, வியாழன்

நேற்று இரவு வெடிச் சத்தத்தில்கூட நான் எழவில்லையாம்.

ஜனவரி 3, சனி

இன்று எங்கள் இருவரையும் செட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மகாலிங்கம் மணமேடையில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஒரு பகுதி பாக்கி இருந்தது. பட்டு வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கையில் அட்சதை. கௌரி அம்மா வந்து, “என்னங்க, பொண்ணை ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று சாதாரணமாக ஒரு வசனம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை.

“ஆக்‌ஷன்.”

“என்னங்க” என்றார் கௌரி அம்மா.

மகாலிங்கத்தின் வயிறு ஆடியது.

“கட்! சபை சார், என்ன ஆச்சு?”

“சாரி சார். ஒன்மோர் போலாம்.”

அடுத்த டேக்கில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி விழுந்தது. அதற்கு அடுத்ததில் கையிலிருந்த அட்சதை மொத்தமும் மாப்பிள்ளை மேல் தெறித்தது. அப்பா உதட்டைக் கடித்தார், உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டார். கௌரி அம்மா வாயைத் திறந்தாலே போதும், பிணம் குலுங்குகிறது. “அன்னிக்கு அவ்ளோ கத்தினேன், கல்லு மாதிரி இருந்தே! இன்னிக்கு ‘என்னங்க’ன்னதுக்கே சிரிக்கிறியே, உனக்கு என்னதான்யா பிரச்சினை?” என்று அவர் கேட்டார், அதற்கும் சிரித்தார்.

அப்போது செட்டில் இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பன்றிக்குட்டி மாதிரி, மூக்கால். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “செத்தவன் சிரிச்சா என் படம் எப்படிய்யா ஓடும்? ரெண்டு பேரும் வெளிய போங்க. நல்லாச் சிரிச்சு முடிச்சிட்டு வாங்க. பத்து நிமிஷம் எல்லாருக்கும் டீ!”

வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அப்பா மாப்பிள்ளை மாதிரி பட்டு வேட்டியில் இருந்தார், முகம் சாம்பல் நிறத்தில். நான் ஒரு விஷயம் சொன்னேன். கணக்குப் பரீட்சையில் வடிவியல் கேள்வியை விட்டது. “எத்தனை மார்க் போச்சு?” என்றார். சொன்னேன். “என் தொழில் போச்சு, உன் மார்க் போச்சு” என்றார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் முடியவில்லை. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்துவிடுகிறோம். வயிறு வலித்தது. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிற அண்ணன் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

ரெஹானா அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினார். “டைரக்டர் கேக்கிறாரு. பொணம் ரெடியா?”

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மறுபடி வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையால் என் தோளைத் தட்டினார்.

“இன்னும் ரொம்ப நேரம் ஆகும்னு போய்ச் சொல்லுடா.”

நான் ஓடிப்போய், செட் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைச் சொன்னேன்.